ஒரே கட்டத்தில் நாலு முயல்குட்டி

ஒரு காட்டில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. வந்ததும் சிங்கராஜா என்ன செய்தார்? கிணறா வெட்டினார்? கம்ப்யூட்டர் வாங்கினார்.

நரியைக் கூப்பிட்டு, காட்டில் இருக்கிறவர்களை எல்லாம் ஒரு அட்டவணையில் ஏற்றச் சொன்னார். வரிசைக்கு ஒரு குடம் தண்ணீர். அதுதான் சட்டம். நரி தன் பெயரை முதல் வரிசையில் அழகாக எழுதிக்கொண்டது. வெள்ளச்சி முயலின் முறை வந்தபோது மட்டும் அதற்குக் கை வலித்தது. அவளுடைய நாலு குட்டிகளையும் ஒரே கட்டத்தில் போட்டு அமுக்கியது: ‘சுருளி, கோரை, தும்பை, மண்டு’. பக்கத்துக் கட்டத்தில் தீனி: ‘அருகம்புல், கீரை, கிழங்கு’.

ஒரு வரிசை, ஒரு குடம். நாலு குட்டிக்கும் நாக்கு வறண்டது.

“நரியண்ணே, குட்டிக்கு ஒரு வரிசையாப் பிரிச்சு எழுதக் கூடாதா?”

“பெத்தது நீ, எழுதுறது நானா? என் வரிசையைப் பாரு. ஒரு கட்டம், ஒரு பேரு. துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. உன்னோடது சந்தைக்கடை. இனிமே அசல் அட்டவணையில கை வெச்சா ராஜா தோலை உரிச்சிருவாரு, போ!”

அழுதுகொண்டே போனவளைத் தூக்கணாங்குருவி கூப்பிட்டது. அதற்கு எஸ்.க்யூ.எல். என்கிற கம்ப்யூட்டர் அட்டவணை பாஷை தெரியும்.

“அழாதேக்கா. அசலைத் தொட வேண்டாம். அதுக்கு மேல ஒரு வியூ போடுறேன். ஜன்னல் மாதிரி. உள்ளே எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கும். ஜன்னல் வழியாப் பார்த்தா, கமா இருக்கிற இடமெல்லாம் வெட்டி, தனித்தனி வரிசையாத் தெரியும்.”

வெட்டியது. வெட்டுகிற உற்சாகத்தில் தீனிக் கட்டத்தையும் சேர்த்து வெட்டிவிட்டது. அருகம்புல் தின்னும் சுருளிக்கு ஒரு வரிசை, கீரை தின்னும் சுருளிக்கு ஒரு வரிசை, கிழங்கு தின்னும் சுருளிக்கு ஒரு வரிசை. இப்படியே நாலு குட்டி பன்னிரண்டு ஆயின.

தண்ணீர் ஊற்றும் யானையின் திரையில் இப்போது அந்த ஜன்னல்தான் தெரிந்தது. அதற்கு வரிசையை எண்ணத் தெரியும். முயலை எண்ணத் தெரியாது. பன்னிரண்டு குடம் ஊற்றியது. வெள்ளச்சி பன்னிரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டாள். குட்டிகள் குடித்தது போக, குளிக்கவும் செய்தன.

பஞ்சம் முற்றியது. ராஜாவுக்கு இரை கிடைக்கவில்லை. புது உத்தரவு வந்தது: “வரிசைக்கு ஒரு உயிர் என் சாப்பாட்டுக்கு வரணும். முயல் வீட்டுல ஆரம்பிங்க. அங்கேதான் பன்னிரண்டு இருக்கே!”

சேவகக் கரடி வெள்ளச்சியின் வளை வாசலில் வந்து நின்றது. “பன்னிரண்டையும் கிளப்பு.”

வெள்ளச்சி நாலையும் வயிற்றடியில் இழுத்து அணைத்துக்கொண்டாள். அப்புறம் மெதுவாக, “ஐயா, ராஜா காரியம். ஜன்னல்ல தெரியறதை நம்பலாமா? ஒரு எட்டு அசலைப் பாத்துட்டு வாங்களேன்” என்றாள்.

கரடி போய்ப் பார்த்தது. அசலில் முயல் வீட்டுக்கு ஒரே வரிசை. திரும்பி வந்து, “ஒரே ஆளுதானாமே. சுருளி கோரை தும்பை மண்டுங்கிறது யாரு?” என்றது.

“நான் வெறும் சுருளி.”

“நான் வெறும் மண்டு, மாமா.”

கரடி காடெல்லாம் தேடியது. அவ்வளவு நீளப் பெயரில் ஒரு முயலும் அகப்படவில்லை.

“அப்படி யாரும் இல்லை ராஜா.”

“பசிக்குதுடா! ஒரு கட்டத்துல ஒரே பேரா, குழப்பமில்லாத வரிசை ஒண்ணுகூடவா இல்லை?”

இருந்தது. முதல் வரிசையிலேயே இருந்தது. துடைத்து வைத்த மாதிரி.

அன்று சாயங்காலமும் யானை தண்ணீர் ஊற்றியது. நரியின் வரிசையை யாரும் அழிக்கவில்லை. அசலில் கை வைக்க உரிமை இருந்தது நரிக்கு மட்டும்தான். அந்தக் குடத்தையும் வெள்ளச்சியே வாங்கிக்கொண்டு போனாள்.

நீதி: வாங்கப் போகும்போது தனிக்குடித்தனமாகப் போ, கொடுக்க வேண்டி வந்தால் ஒரே கட்டத்துக்குள் கூட்டுக்குடும்பமாக இரு.