மாமனார் வீட்டு ஆம்ப்ளிஃபயர்

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. விருந்துக்குப் போன வீட்டில் மின்விசிறி லேசாகக் கிறீச்சிட்டால் போதும், சோறு இறங்காது. எப்போது ஸ்டூல் கேட்கலாம் என்றே மனசு அலையும். (கேட்டுமிருக்கிறேன்.)

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் எனக்கு வேலை. ஆம்ப்ளிஃபயரைக் கழற்றி மாட்டுவது பொழுதுபோக்கு. கல்யாணமான நாலாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போயிருந்தோம். அவருடைய பழைய ஆம்ப்ளிஃபயரில் பாட்டுக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். இருபது வருடமாக அவர் அதைக் கண்டுகொண்டதில்லை. என்னால் இருபது நிமிடம் தாங்க முடியவில்லை.

“வேண்டாம் மாப்ள, அது பாட்டுக்குப் பாடுது” என்றார் மாமா. நான் கேட்கவில்லை.

ஜாக்கிரதை என்றால் அப்படியொரு ஜாக்கிரதை. ஸ்க்ரூக்களை முட்டைத் தட்டில் குழிக்கு ஒன்றாக அடுக்கினேன். ஷாக் அடிக்காமலிருக்க எல்லோரையும் ஹாலுக்குள் செருப்புப் போட வைத்தேன். (அத்தை சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.) மின்சாரம் நெஞ்சு வழியாகப் பாயக்கூடாது என்று இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதென்று நினைத்து மாமா தைலம் எடுத்து வந்தார். சால்டரிங் அயனுக்குப் பிளக் பாயிண்ட் வேண்டியிருந்ததால் பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினேன்.

உப்பியிருந்த ஒரு கெப்பாசிட்டரை மாற்றி, எல்லாம் மாட்டி, ஆன் செய்தேன். இரைச்சல் அறவே இல்லை. மாமா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சாமான்களை ஒன்று விடாமல் பையில் எடுத்துக்கொண்டு, இரண்டடி உயர்ந்தவனாக வீடு திரும்பினேன்.

அன்று மாலையே அவர்கள், என் மச்சினி கல்யாணத்துக்குச் சொந்தக்காரர்களை அழைக்க ஆழ்வார்திருநகரி போய்விட்டார்கள். செவ்வாய் காலைதான் வந்தார்கள். அன்று மதியம் புதுச் சம்பந்தி வீட்டாருக்கு விருந்து. அதற்காக வாங்கிய நாலு கிலோ சீலா மீன் ஞாயிறு முதல் பிரீசரில் இருந்தது.

நானும் மனைவியும் போனபோது தெருமுனைக்கே நாற்றம் வந்துவிட்டது. அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பிரிட்ஜ் முன்னால் நின்றார். பிரிட்ஜுக்கு வயசாகிவிட்டது, மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும் என்றார் மாமா. தொங்கிக்கொண்டிருந்த பிளக்கை நான் மட்டும் பார்த்தேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். “லோ வோல்டேஜா இருக்கும் மாமா” என்று சொல்லிவிட்டு, சுவரில் சாய்வதுபோல் சாய்ந்து பிளக்கைச் செருகினேன். பிரிட்ஜ் உதறிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அதே நொடியில், ஹாலில் ஓடிக்கொண்டிருந்த பாட்டுக்கு அடியிலிருந்து கிளம்பியது: ‘ம்ம்ம்...’

கெப்பாசிட்டர் மேல் குற்றமே இல்லை. ஒரே கரண்ட் லைனில் இருந்த பிரிட்ஜின் இரைச்சல்தான் அத்தனை வருடமும் ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறது.

மனைவி ஹாலைப் பார்த்தாள், பிளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “ஏங்க, ஞாயித்துக்கிழம இதப் பிடுங்கினது நீங்கதான?”

விருந்துக்குச் சாம்பார், உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம். சம்பந்தி இலையைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு ஏதும் விரதமா என்று விசாரித்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் மாமா. முட்டைத் தட்டு, தைலம் உட்பட அத்தனையையும் சொன்னார். சம்பந்திக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. ஓரிடத்தில் நிற்க முடியாமல் நான் சாம்பார் வாளியோடு பந்தியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் இன்றைக்கும் அந்தத் தெருவில் கரண்ட் போனால், மின்வாரிய ஆபீசைக் கூப்பிடுவதற்கு முன்னால் அத்தை எனக்குத்தான் போன் போடுவார்.

“மாப்ள, இங்கன வந்துட்டுப் போனியளா?”