பதிமூன்றாவது ஆளாக உன் பெயரை எழுதிவிட்டேன்

சகாத்தாவில் இருக்கும் தங்கை மசுயோவுக்கு, மலையடிவாரத்திலிருந்து உன் அக்கா கினுவே எழுதுவது. இங்கே கூரையில் பனி ஆள் உயரம். என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். உன் வீட்டிலும் எல்லாரும் சுகமாகவே இருக்கட்டும். நாற்பத்தோரு வருஷமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது ஏன் எழுதுகிறாள் என்று பார்க்கிறாயா? நீ உயிரோடு இருக்கிறாயா என்று போலீஸ் கேட்கிறது.

பதறாமல் படி. இந்தக் கடிதத்தோடு உன் வாசலில் நிற்பவள் என் பேத்தி அகிஹோ. வெளியூர்க்காரர்களைப் பனிமலைக்குக் கூட்டிப்போகும் வழிகாட்டி. பக்கத்து ஊரில் உட்கார்ந்தபடியே மேலே போக இழுவை நாற்காலி இருக்கிறது, மசுயோ! இவர்கள் அதை விட்டுவிட்டு, சறுக்குப்பலகைக்கு அடியில் ஏறும்போது வழுக்காமலிருக்கப் பட்டை ஒட்டிக்கொண்டு நான்கு மணி நேரம் காட்டில் ஏறி, அரை மணியில் சறுக்கி வந்துவிடுகிறார்கள். இதற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வேறு வருகிறார்கள். ஆளாளுக்கு நெஞ்சில் ஒரு டப்பா. பனிச்சரிவில் புதைந்தால் இடத்தைக் காட்டிக்கொடுக்குமாம். புதைவதற்குத் தயாராகக் கிளம்புகிறவர்களை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை அகிஹோ முதன்முதலாகத் தலைமை தாங்கிய நாள். சோற்றுருண்டையோடு நானும் காட்டு முகப்புவரை வண்டியில் போனேன். இறங்கி எண்ணினால் பன்னிரண்டு பேர்! அகிஹோவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

“பன்னெண்டு பேரா ஏறாதடீ! மலைத்தாய் ஒருத்தரைத் தனக்குன்னு வச்சுக்குவா.”

“பாட்டி, மெல்போர்ன்லேருந்து வந்தவங்கள்ல ஒருத்தரை மரத்துல கட்டிப் போட்டுட்டுப் போகவா?”

“அப்ப என்னைக் கூட்டிட்டுப் போ.”

“குளியலறைக்குப் போகவே கைத்தடி தேடுற நீ!”

அப்பா வேட்டைக்குப் போகையில் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டால் அந்த மரப்பொம்மையைப் பதிமூன்றாவது ஆளாக இடுப்பில் கட்டிக்கொள்வாரே, அது இருந்திருந்தால் எனக்கு ஏன் இந்தப் பாடு? எடுத்துப்போனது நீ. அம்மாவின் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்கு நீலக் கோட்டில் வந்தாய், சோபா நூடுல்ஸை மூன்று கிண்ணம் சாப்பிட்டாய், நீ போன பிறகு பொம்மையைக் காணோம். எனக்கு எதுவும் மறக்காது.

யார் யார் ஏறுகிறார்கள் என்ற தாளை அங்கிருந்த போலீஸ் பெட்டியில் போடச் சொல்லி அகிஹோ என்னிடம் கொடுத்தாள். உன்னை முதுகில் சுமந்தே எனக்குப் பாதிப் பள்ளிக்கூடம் போயிற்று. ஆனாலும் உன் பெயர் எழுத வரும். பதிமூன்றாவதாக எழுதினேன். வயது எழுபத்தேழு. உபகரணம் இல்லை. அனுபவம் இல்லை. பொம்மையை எடுத்தவள் பொம்மைக்குப் பதில் நிற்கட்டும் என்று பெட்டியில் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து முள்ளங்கி ஊறுகாய் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்குப் பன்னிரண்டு பேரும் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள். காவலர் குதோ தாளைப் பார்த்திருக்கிறார். “எழுபத்தேழு வயசு அம்மா ஒருத்தர் இன்னும் இறங்கலையே!” அவர் எண்ணைத் தேடிப்பிடித்து உனக்குப் போன் போட்டால் நீ எடுக்கவில்லை, ஏமாற்றுக்காரர்களுக்குப் பயந்து தெரியாத எண்ணை எடுக்க மாட்டாய் போல. “சின்னப் பாட்டி என் பின்னாலேயே ஏறி வந்துட்டாங்க, நான் திரும்பிப் பாக்கலையே” என்று அகிஹோ அழுதுகொண்டே மறுபடி கிளம்பிவிட்டாள். கூட ஊர் ஆட்கள், பனியைக் குத்தித் தேட நீளக் கம்பி, மண்வெட்டி. இருட்டப் போகிற நேரம். எழுதியது நான்தான் என்று சொல்ல வெட்கப்பட்டு, வாசலில் கூடியவர்களை எண்ணினேன். மசுயோ, மறுபடியும் பன்னிரண்டு!

செருப்பில்லாமல் பனியில் ஓடினேன். “நில்லுங்கடா! அவ மலையிலயே இல்ல! நான்தான் எழுதினேன்!”

குதோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “பாட்டியம்மா, ஹெலிகாப்டருக்கே சொல்லிட்டேனே.”

நீ உன் வாயால் சகாத்தாவில் இருப்பதாகச் சொல்லும்வரை அகிஹோ யாரையும் மலைக்குக் கூட்டிப்போகக் கூடாதாம். சனிக்கிழமை அடுத்த கூட்டம் வருகிறது. எனக்காகச் செய்யாதே, அவள் அழுத முகத்தைப் பார்த்துவிட்டு குதோவுக்குப் போன் போடு. பொம்மையையும் அவளிடம் கொடுத்தனுப்பு. நீ நூறு வயது இருந்து, உன் பற்கள் கடைசிவரை நிலைக்கட்டும்.

அக்கா கினுவே

பின்குறிப்பு: போலீஸுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதி, கையெழுத்துக்குப் பதில் என் பெயர் முத்திரையைக் குத்த வேண்டுமாம். முத்திரையைத் தேடி என் துணிப்பெட்டியின் அடிவரை துழாவினேன். அம்மாவின் தலைத்துண்டில் சுற்றி, பொம்மை கிடக்கிறது. நீ எடுத்துவிடுவாய் என்று அன்றைக்கு நான்தான் ஒளித்து வைத்தேன் போல. மூன்று கிண்ணம் சோபா மட்டும் நிஜம். போலீஸ் தாளில் நீ எங்கள் மலைக்கு வந்திருப்பதாகத்தான் இன்னும் இருக்கிறது. அகிஹோவின் வண்டியில் இடம் இருக்கும். நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஏறு.