மான் தின்னாத தட்டு

இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டில், பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் தமிழர்களின் அகதி வழக்குகளுக்கு மான்கள்தான் தீர்ப்புச் சொல்லின. நீதிபதிகள் சொன்னதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மகேந்திரராசாவின் மளிகைக் கடைக் கண்ணாடியில் விளம்பரமே இருந்தது. "வள்ளிமான் அருள்வாக்கு. விசா, கேஸ், பத்து வருச வதிவிடக் கார்ட். சனிதோறும் கார் து நோர் ஸ்டேசனில் இருந்து புறப்படும்." வள்ளியம்மை மான் வயிற்றில் பிறந்தவள். ஆகவே மானுக்குத் தமிழ் விளங்கும். தமிழ் விளங்கினால் பிரெஞ்சுச் சட்டம் எம்மாத்திரம்? இந்த மூன்று படிகளிலும் ஏறி உச்சியில் உட்கார்ந்திருந்தார் மானடியார் சுவாமிகள். துறவுக்கு முன் அவர் பெயர் அரியநாயகம். மெற்றோ வாசலில் டெலிபோன் கார்ட் விற்றவர்.

முறை எளிது. ரயிலில் முக்கால் மணித்தியாலம் வடக்கே போய், காட்டுக்குள் இருபது நிமிடம் நடக்க வேண்டும். ஐம்பத்தொரு யூரோ கொடுத்தால் சுவாமி ஒரு தட்டில் சோளமும் அப்பிள் துண்டும் தருவார். தட்டுக்குக் கீழே வழக்குக் காகிதத்தை வைக்க வேண்டும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் சனம் மூச்சுக் காட்டாமல் நிற்கும். பேசினால் தோசம். சரியாக நாலு மணிக்குச் சுவாமி மணி அடிப்பார், மான்கள் வரும். உங்கள் தட்டில் வாய் வைத்தால் வழக்கு வெற்றி.

அந்த வருசத் தொடக்கத்து மாரியில் மான்கள் ஒரு தட்டையும் மிச்சம் விடவில்லை. உறைபனியில் பசித்துக் கிடந்த மிருகம் அப்பிளைத் தின்றது. சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மான் தின்றும் வழக்கில் தோற்றவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். அவர்கள் முதல்நாள் மச்சம் சாப்பிட்டவர்கள் என்று சுவாமி கண்டுபிடித்துச் சொன்னார்.

ஜனார்த்தனன் போனது ஒக்டோபர் கடைசியில். கொக்குவில்காரன், உணவகமொன்றில் கோப்பை கழுவுகிறவன். அதற்கு முன் மானைக் கலண்டரில்தான் கண்டிருக்கிறான். அவனுடைய மேல்முறையீட்டு விசாரணை நவம்பர் எட்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை. அதுதான் கடைசி வாய்ப்பு. தோற்றால் நாட்டை விட்டுப் போகச் சொல்லிக் கடிதம் வரும். அந்தப் பயத்தில் சோறு இறங்காமல் திரிந்தவன், பக்தியோடு தட்டை வைத்தான். மணி அடித்தது. ஒரு மானும் வரவில்லை.

அன்று வைத்த பதினாறு தட்டும் வைத்தபடியே கிடந்தன. சுவாமி கண்ணை மூடினார், திறந்தார்.

"வள்ளிக்கு மனம் கோணிப்போச்சு. ஒருத்தரும் இப்ப கோட்டுக்குப் போகக்கூடாது. டொக்டரிட்டைக் கடிதம் வாங்கி நாளைத் தள்ளுங்கோ. அஞ்சு சனி மான்சாந்தி செய்தால்தான் தோசம் கழியும்."

சுவாமி முட்டாள் இல்லை. மான் தின்னாமலே எவனாவது போய் வென்று வந்துவிட்டால் பிறகு தட்டு யாருக்கு விற்கும்?

சார்செலில் வீட்டுக்கு வந்து ஜனார்த்தனன் இதைச் சொல்ல, மனைவி வதனா சோறு போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கேஸ் பேசுற அவொக்காவுக்குப் போன் எடுத்து, கோட்டுக்கு வரேலாது எண்டு சொல்லப்போறன்," என்று முடித்தான்.

"உங்களுக்கென்ன விசரோ? ரண்டு வருசமாய்ப் பாத்திருந்த ரொந்தேவு நாள். நீங்கள் போகாட்டி உங்கட கதையை அங்கை ஆர் சொல்லுறது? மானோ?"

"பகிடி விடாதையும் வதனா. மான் தின்னேல்லை."

"ஏன் தின்னேல்லை எண்டு கேட்டனீங்களோ?"

அவன் கேட்கவில்லை. அவ்வளவு பேரில் ஒருவரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

வதனா காட்டோரத்து ஒட்டுசுட்டான்காரி. அவள் தகப்பன் வேட்டைக்குப் போனவர். பாலைப்பழம் உதிரும் காலத்தில் மட்டும் மானுக்கு இரை போட்டுக் காத்திருக்க மாட்டார். காடு முழுக்கப் பழம் கிடக்கிறபோது எந்த மான் இவர் வைத்ததைத் தேடி வரும்? வதனா எழுந்துபோய்க் கணவனின் சப்பாத்தைப் புரட்டினாள். அடியில் ஒரு கொட்டை சிக்கியிருந்தது.

"இதென்ன?"

"ஓக் மரத்துக் கொட்டை. அங்கை கால் வைக்க இடமில்லை, அவ்வளவு கிடக்குது."

"வாற சனி நானும் வாறன்," என்றாள் வதனா.

அந்தச் சனிக்கிழமை கூட்டம் இரண்டு மடங்கு. அருளைவிடத் தோசத்துக்குத்தான் எப்போதும் ஆள் அதிகம். விசாரணைக்கு இன்னும் மூன்று நாள். ஜனார்த்தனனின் சட்டைப்பையில் டொக்டரின் கடிதம் இருந்தது.

வதனா கையெடுத்துக் கும்பிட்டாள். "சுவாமி, உங்களுக்குக் கார்ட் கிடைச்சு கனகாலமெல்லோ?"

"ஓம் பிள்ளை. வள்ளியின்ர கருணை."

"அப்ப உங்கட கார்ட்டை வைச்சு ஒரு தட்டு வையுங்கோவன். அது வெண்ட கேஸ். மான் தின்னத்தானே வேணும்?"

சுவாமி தாடியைத் தடவினார். ஆனால் பக்தர்கள் விடவில்லை. சாமியாரை மாட்டிவிட வெளியிலிருந்து ஆள் வரத் தேவையில்லை, முதல் வரிசை போதும். "வையுங்கோ சுவாமி! இவவுக்கு ஒருக்கால் காட்டுங்கோ!" என்று மகேந்திரராசாவே கார்ட்டை வாங்கித் தட்டின் கீழே வைத்தார். மேலதிகமாக ஒரு பிடி கஜுப் பருப்பும் போட்டார்.

நாலு மணி. மணி ஒலித்தது. பற்றைக்குப் பின்னால் எங்கோ ஏதோ கரகரவென்று சுழன்றது. நாலு மான்கள் வந்தன. ஜனார்த்தனன் எட்டிப் பார்த்தான். அவை அவன் தட்டைத் தாண்டின. சுவாமியின் தட்டை ஒன்று முகர்ந்தது, கஜுவையும் கார்ட்டையும் அப்படியே விட்டுவிட்டு நடந்தது. நாலும் ஓக் மரத்தடியில் தலையைக் குனிந்து கொட்டை பொறுக்கத் தொடங்கின. சனம் பேசாமல் நின்றபடியால் அவை மெல்லுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

வதனா கயிற்றைத் தூக்கிக்கொண்டு கரகரத்த பக்கம் நடந்தாள். மான்கள் ஓடின, சனம் பின்னால் ஓடியது. பற்றைக்குப் பின்னால் மூன்று காலில் ஒரு பச்சைப் பீப்பாய் நின்றது. அதன் அடியில் சோளம் குவியலாகக் கிடந்து முளைவிட்டிருந்தது. பக்கத்தில் நின்று அதை உதைத்துக்கொண்டிருந்தான் ழான்-லூக் என்ற வேட்டைக்காரன்.

முப்பது வருசப் பிரெஞ்சு வைத்திருந்த மகேந்திரராசா மொழிபெயர்த்தார். "உது தன்ர பரலாம். மணிக்கூடு பூட்டினதாம். ஒவ்வொரு நாளும் நாலு மணிக்குச் சோளம் எறியுமாம்." அவர் நிறுத்தினார். "நாலு மணிக்கு," என்று தனக்கே இன்னொருமுறை சொல்லிக்கொண்டார். "மாரியிலை மான் வரிசையிலை வந்து நிக்குமாம். இந்த முறை நிலமெல்லாம் ஓக் கொட்டையாம். மூண்டு கிழமையாய் ஒரு மானும் தன்ர சோளத்தைத் திரும்பிப் பாக்கேல்லையாம்."

"என்னத்துக்குச் சோளம் போடுறார் எண்டு கேளுங்கோ அண்ணை," என்றான் ஜனார்த்தனன்.

ழான்-லூக் அவனை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துவக்கைத் தட்டிக் காட்டினான். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

வதனா சுவாமியிடம் திரும்பினாள். "இந்த மனிசன் வைச்சதையும் மான் தின்னேல்லை சுவாமி. இவருக்கும் தோசமோ? பிறந்து வளந்ததே இஞ்சைதான். இவரை எந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்போகினம்?"

முதலில் சிரித்தது ஜனார்த்தனன். பல மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு, அவனாலேயே அடக்க முடியவில்லை. சனமும் சிரித்தது, பிறகு சிரிப்பை விட்டுவிட்டு ஐம்பத்தொரு யூரோவைக் கேட்டது. சுவாமி ரயிலைப் பிடித்த வேகத்தை அந்தக் காட்டு மான்களே பாராட்டியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை ஜனார்த்தனன் நீதிமன்றம் போனான். ஊரில் தனக்கு நடந்ததை நடந்தபடி சொன்னான். மானைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை. மூன்று கிழமையில் பதில் வந்தது: ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் கிழமையே மகேந்திரராசா வதனாவைக் கடைக்குள் கூப்பிட்டு, "பிள்ளை, உந்த ஓக் கொட்டையிலை ஏதும் அருள் இருக்குமோ?" என்று மெல்லக் கேட்டார்.

வேட்டைக்காரன் காசு வாங்காமல் போட்ட சோளத்தையே மான் திரும்பிப் பார்க்கவில்லை, சுவாமியின் தட்டையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விலகியது. நாம் காசும் கொடுத்து, கயிற்றுக்குப் பின்னால் வரிசையும் கட்டி, வாயையும் மூடிக்கொண்டு நிற்கிறோம். மானைக் கும்பிடுகிறவர்களே, கும்பிட்டது போதும். அதற்கு இருக்கிற மூக்கு உங்களுக்கும் இருக்கிறது, ஒருமுறை முகர்ந்து பாருங்கள்.