கொட்டிவாக்கத்துக் கூண்டுப்புலி

கரீமுல்லா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். மனைவி ரூபீனா வாணியம்பாடிக்குப் போகக் கூடாது. வானமே இடிந்து விழுந்தாலும் கூடாது. ஏன் கூடாது என்பதற்கு ஒரு காரணத்தைத்தான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

காரணமே இல்லாமல் இல்லை. வெளியில் சொல்லிக்கொள்ளும்படியான காரணம் இல்லை. அடையாறில் சோபா ரிப்பேர் கடை வைத்திருந்த மனுஷன். ஒரு சோபாவில் உட்கார்ந்து எழுந்தாலே எந்த ஸ்பிரிங் உடைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் கொட்டிவாக்கத்தில் சொந்த வீட்டு அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்று கேட்டால் தெரியாது. டீ என்பது கேட்டால் வருகிற பொருள் என்று நம்பியே வாழ்ந்துவிட்டார். மகன் ஃபைசான் கடையைப் பார்த்துக்கொண்டு அடையாறிலேயே இருக்கிறான். அங்கே போய் இருக்கலாம்தான். ஆனால் மருமகள் மூன்று வேளையும் ஓட்ஸ் போடுவாள். அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

ரூபீனாவின் அக்கா ஷாகிரா வாணியம்பாடியில் இருக்கிறாள். அவள் மகள் இஃப்ராவுக்குத் தலைப்பிரசவம். "சின்னம்மா, நீ பக்கத்துல இருந்தாத்தான் எனக்கு பயமில்ல" என்று அந்தப் பெண் போனில் அழுதுவிட்டாள். ரூபீனாவும் அழுதாள். கல்யாணம் ஆனதிலிருந்து அக்கா வீட்டில் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் தங்கியதில்லை. போன மறுநாளே கரீமுல்லா பையும் கையுமாக வாசலில் வந்து நிற்பார். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்பார். சாயங்கால பஸ்ஸில் இருவரும் திரும்பிவிடுவார்கள். ஒருமுறை நெஞ்சுவலி என்று போன் பண்ணி வரவழைத்தார். டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, பஜ்ஜியைக் குறைக்கச் சொன்னார். இந்த முறை ஒரு மாதமாவது இருந்துவிட்டு வருவது என்று ரூபீனா உறுதியாக இருந்தாள்.

கடையை மகனிடம் விட்டதிலிருந்து கரீமுல்லாவுக்கு ஒரே உத்தியோகம், புலி. வண்டலூர் பூங்காவில் வைத்திருக்கிற கேமரா வழியாகப் போனிலேயே புலியைப் பார்க்கலாம் என்று யாரோ காட்டிக் கொடுத்துவிட்டார்கள். அங்கே சேகர் என்று ஒரு புலி. மற்ற வீட்டில் சீரியல் பார்ப்பதுபோல் இவர் சேகரைப் பார்த்தார். சேகர் கொட்டாவி விட்டால் இவருக்கும் கொட்டாவி வரும். சேகர் நொண்டினால் அன்று இவருக்குச் சோறு இறங்காது. பள்ளிவாசலில் யாராவது "நல்லா கீறீங்களா?" என்று கேட்டால் சேகரின் உடல்நிலையைச் சொல்லுவார். மாதம் ஒருமுறை பஸ் பிடித்து நேரிலும் போய் வருவார்.

ஒரே ஒரு பலவீனம். புலியைப் பற்றி யாராவது தப்பாக ஒரு வார்த்தை சொன்னால் அவரால் தாங்க முடியாது. ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பந்திக்காரர், புலிக்குத் தண்ணீர் என்றால் பயம் என்று சொல்லிவிட்டார். கரீமுல்லா பிரியாணியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய், புலி நீந்தும் என்று நிரூபித்துவிட்டுத்தான் திரும்பினார். வந்து பார்த்தால் தட்டை எடுத்துவிட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காரணம் கிடைத்துவிட்டது. அதைக் கொடுத்ததும் சேகர்தான்.

"ரூபீனா, நீ வாணியம்பாடிக்கு போனா நான் செத்துருவேன்."

"மொதல்ல பல்லு வெளக்குங்க."

"வெளையாட்டு இல்ல. இங்க பாரு, சேகர பாரு. கூண்டுலயே பொறந்தான், கூண்டுலயே வளந்தான். வேட்டைன்னா இன்னான்னே அவனுக்குத் தெரியாது. தொறந்து காட்டுல வுட்டா இன்னா ஆவும்?"

"இன்னா ஆவும்?"

"பட்டினியா கெடந்து சாவான். நானும் அப்பிடித்தான். கல்யாணம் பண்ண நாள்லர்ந்து உன் கையால துன்னே வளந்துட்டேன். நான் கூண்டுப்புலி. நீ கீப்பரு. இப்போ போய் நீயே டீ போட்டுக்கோன்னா நியாயமா? பாவம் இல்லியா?"

சொல்லி முடித்ததும் அவருக்கே கண் கலங்கிவிட்டது. அவ்வளவு அழகாக வந்திருந்தது.

சண்டை வரும் என்று எதிர்பார்த்தார். ரூபீனா கொஞ்ச நேரம் போனையே பார்த்தாள். சேகர் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"சரி. நீங்க புலி, நான் கீப்பரு. ஒத்துக்கினேன்."

"ஒத்துக்கினியா?"

"ஒத்துக்கினேன். ஆனா புலின்னா இன்னா ஏதுன்னு எனக்கும் தெரியணும் இல்ல? நகருங்க, நானும் பாக்கறேன்."

பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கரீமுல்லாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இத்தனை நாளாக அந்தப் போனை அவள் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து புலியைப் பற்றிக் கேள்வி கேட்கிறாள். இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்? நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.

"ராஜா மாதிரி வெச்சிக்கினு கீறாங்க. தெனம் வயிறு முட்ட போடுவாங்க போல" என்றாள் ரூபீனா.

"யாரு சொன்னது? வாரத்துல ஒரு நாள் பட்டினி. ஒண்ணும் கெடையாது. வயித்துக்கு ஓய்வு குடுக்கணும். அப்பதான் ஆரோக்கியமா இருப்பான்."

"ஓஹோ."

செவ்வாய்க்கிழமை மதியம் கரீமுல்லா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தண்ணீர் மட்டும் வந்தது.

"சோறு?"

"இன்னிக்கு வயித்துக்கு ஓய்வுங்க."

அவரே சொன்னது. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார். மறுநாள் சாப்பிடும்போது சும்மா இருந்த ரூபீனா, "சேகருக்கு இன்னும் கொஞ்சம் போடட்டுமா, இன்னும் கொஞ்சம் போடட்டுமான்னு கேட்டுக்கினே இருப்பாங்க இல்ல?" என்றாள்.

"சேச்சே! எடை போட்டு ஒரு தடவதான். மறுசோறுன்ற பேச்சே கெடையாது."

சொல்லி வாயை மூடுவதற்குள் ரூபீனா குழம்புச் சட்டியை மூடிவிட்டாள். இவர் தட்டு பாதி காலி.

இந்த முறை கரீமுல்லாவுக்கு உறைத்துவிட்டது. மனுஷன் உஷாராகிவிட்டார். இவள் தப்புத் தப்பாகச் சொல்லுவதே என் வாயைக் கிளறத்தான். இனிமேல் புலி ஆகாயத்தில் பறக்கும் என்று சொன்னாலும் சரி, வாயைத் திறப்பதில்லை. இரண்டு நாள் அப்படியே இருந்தார். ரூபீனா புலிக்குக் கொம்பு உண்டா என்று கேட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு பேப்பர் படித்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தபோது கீழ்வீட்டுக் கெங்கம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். கொட்டிவாக்கம் குப்பத்தில் மீன் விற்கிறவள். அவள் பேரம் பேசி முடித்தால் எதிராளிக்கு ஜுரம் வந்துவிடும். ரூபீனா இவரைப் பார்க்காதவள்போல் கெங்கம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"பாவம்க்கா அந்த கீப்பரு. ஒரு நாள் லீவு எடுக்க முடியாது. அவரு வரலன்னா புலி சாப்புடாதாம். ஏங்கி ஏங்கியே செத்துடுமாம்."

கரீமுல்லாவுக்கு நாக்கு அரித்தது. போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, இல்லாத ஆளோடு "ம்… ம்…" என்று பேசினார்.

"ஆமாம்மே" என்றாள் கெங்கம்மா. "எங்கூட்டு நாயும் அப்பிடித்தான். எம்புள்ள மிக்கேலு ரெண்டு நாள் கடலுக்குப் பூட்டா கஞ்சிய மோந்துகூட பாக்காது. வால ஆட்டிக்கினு வாசல்லயே பட்த்துனு கெடக்கும். புலியும் ஒரு நாய்தானே, கொஞ்சம் பெர்ய சைஸு."

"யாரு நாய்?"

போன் சோபாவில் போய் விழுந்தது. கரீமுல்லா எழுந்து நின்றுவிட்டார்.

"யாரும்மா நாய்? அது புலிம்மா, புலி! அதுக்கு எசமான் கெடையாது! கீப்பருக்கு லீவு உண்டு, ஷிப்டு உண்டு, எல்லாம் உண்டு. ஒருத்தன் போனா இன்னொருத்தன் வந்து போட்டுட்டுப் போறான். சேகர் ஒரு தடவ மோந்து பாப்பான், துன்னுவான், படுத்துக்குவான். எவன் போட்டா அவனுக்கு இன்னா? எவன் போட்டாலும் கறி கறிதான்!"

கடைசி வாக்கியம் அப்போதுதான் அவர் காதுக்கே போய்ச் சேர்ந்தது.

ரூபீனா மெதுவாகத் திரும்பினாள். "கெங்கம்மாக்கா, கேட்டுக்கினீங்களா?"

"நல்லா கேட்டுது."

"நாளையிலர்ந்து நீங்கதான் இந்தப் புலிக்கு மாத்து கீப்பரு."

"இரு, இரு" என்றார் கரீமுல்லா. "அது சேகர். நான் வேற."

"இன்னா வேற? அப்போ நீங்க புலி இல்லியா?"

"அது… இல்லன்னு சொல்லல…"

"புலின்னா அக்கா வந்து போடுவாங்க. மனுஷன்னா அடுப்பு அங்க கீது. சொல்லுங்க, நீங்க புலியா, மனுஷனா?"

கரீமுல்லா அடுப்பங்கரைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"புலி" என்றார்.

முந்தின ராத்திரியே வந்துவிட்ட ஃபைசான் சனிக்கிழமை காலை அம்மாவை ரயிலேற்றக் கூட்டிக்கொண்டு போனான். ஆட்டோவில் உட்கார்ந்தபோது ரூபீனாவின் முகம் கல்யாணப் பெண்ணின் முகம்போல் இருந்தது. அதைப் பார்த்த ஒரு நிமிஷம் கரீமுல்லாவுக்கே, இத்தனை வருஷம் இவளைப் போகவிடாமல் பண்ணியது பாவம்தானோ என்று பட்டது. ஆட்டோ முனை திரும்பியதும் அந்த எண்ணமும் கூடவே திரும்பிப் போய்விட்டது. வயிறு இருக்கிறதே!

அடுத்த திட்டத்தைப் படுத்துக்கொண்டே போட்டார். உண்ணாவிரதம். ஒரு பருக்கை தொடுவதில்லை. சாயங்காலம் போன் பண்ணி ஈன சுரத்தில் நாலு வார்த்தை பேசினால் போதும். ரூபீனா இளகின மனசுக்காரி. நாளைக்கே திரும்பிவிடுவாள்.

மதியம் கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை மட்டும் உள்ளே வந்தது. ஒரு தட்டைத் தரையில் வைத்துத் தள்ளியது.

"உள்ள வந்து குடேன் கெங்கம்மா!"

"இன்னா பாய், வெளாடறியா? கீப்பரு கூண்டுக்குள்ள வர்றதா? கட்ச்சிட்டின்னா?"

கதவு சாத்திக்கொண்டது.

தட்டில் சோறும் சங்கரா மீன் குழம்பும். கரீமுல்லா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டார். வாசனை சுவர்ப் பக்கமும் வந்தது. போர்வையை இழுத்து மூடினார். வாசனை போர்வைக்குள்ளும் வந்தது. எழுந்துபோய் மோந்து மட்டும் பார்த்தார். அப்புறம் குழம்பில் ஒரு விரல் மட்டும். அப்புறம், பிடிவாதம் என்றால் என்னவென்று அந்தத் தட்டிடம்தான் கேட்க வேண்டும். பூனை நக்கின கிண்ணம்போல் ஆக்கிவிட்டு, அதைச் சோபாவுக்கு அடியில் தள்ளிவிட்டு, நிம்மதியாக ஒரு தூக்கம் போட்டார்.

சாயங்காலம் எழுந்ததும் படுத்த வாக்கிலேயே ரூபீனாவுக்குப் போன் போட்டார். குரலைப் பாதாளத்தில் இறக்கிக்கொண்டார்.

"ரூபீனா… நான்தான்…"

"சொல்லுங்க." அந்தப் பக்கம் ஒரே பிள்ளைகள் சத்தம்.

"காலையிலர்ந்து பல்லுல பச்சத் தண்ணி படல… கண்ண இருட்டுது…"

"அல்லாவே! கெங்கம்மாக்கா சோறு குடுக்கலியா?"

"குடுத்தாங்க. எறங்கல. உன் நெனப்புலயே… தட்டு அப்பிடியே கீது. தொடவே இல்ல."

"தொடவே இல்லியா?"

"அல்லா மேல… வேணாம், என் மேல ஆணை."

"அப்போ தாடில இன்னா செவப்பா?"

கரீமுல்லாவின் கை தாடிக்குப் போயிற்று. குழம்பு காய்ந்து பிசுபிசுத்தது.

"அ… அங்கர்ந்து உனக்கு எப்பிடி…"

"டிவிக்கு மேல பாருங்க."

பார்த்தார். டிவிக்கு மேலே சுவரில் எலுமிச்சம்பழ அளவுக்கு வெள்ளையாக ஒன்று ஒட்டியிருந்தது. நடுவில் கறுப்பாக ஒரு கேமராக் கண். நேற்று ராத்திரி ஃபைசான் ஸ்டூல் போட்டு அதை மாட்டியபோது, கொசு விரட்டுகிற மிஷின் என்று நினைத்து, நல்ல பிள்ளை என்று மனசுக்குள் பாராட்டியது இவர்தான்.

"அத்த வுடுங்க" என்றாள் ரூபீனா. "கொஞ்சம் எழுந்து ஹால்ல ரெண்டு சுத்து நடங்க. மத்தியானத்துலர்ந்து புலி தூங்கிக்கினே கீதுன்னு இங்க பசங்கல்லாம் பேஜாராயிடுச்சுங்க."