மாமா வீட்டு மோடமும் என் மார்க்கெட் சர்வேயும்

அரைகுறை அறிவைவிட ஆபத்தானது, அரைகுறை அறிவோடு சேர்ந்துகொண்ட கணீர்க் குரல். எனக்கு இரண்டுமே தாராளமாக இருந்தன. அறிவு கொஞ்சம் தேறியிருக்கிறது. குரல் அப்படியேதான் இருக்கிறது.

நான் வீடியோ கேம் செய்கிறவள். (விளையாடுகிறவள் இல்லை, செய்கிறவள். இந்த வித்தியாசத்தை என் அம்மாவுக்குப் புரியவைக்கும் முயற்சியைக் கைவிட்டு வெகுநாளாகிறது.) லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், நகைக்கடைக்கு மேல்மாடியில் எனக்கும் என் தோழி ப்ரிசில்லாவுக்கும் ஒரு சின்ன ஆபீஸ். அங்கே உட்கார்ந்து நாங்கள் செய்த முதல் கேமின் பெயர் ‘பந்தி’. வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவர் நீங்கள்தான். இலையில் எது எங்கே வர வேண்டுமோ அங்கே வைக்க வேண்டும். சோற்றில் குழி பறிப்பதற்கு முன் ரசம் ஊற்றினால் மேஜை நனையும். அப்பளத்தை மறந்தால் வாடிக்கையாளர் முறைப்பார். (அந்த முறைப்பை என் மாமாவைப் பார்த்துத்தான் வரைந்தேன். அவரிடம் சொல்லவில்லை.)

கம்ப்யூட்டரில் கேம் ஒழுங்காக ஓடியது. அடுத்து, கன்சோலுக்கு, அதாவது கேம் ஆடுவதற்கென்றே விற்கும் பெட்டிக்கு, கொண்டுபோக வேண்டும். எங்களைப் போன்ற வெளியாட்கள் எந்தக் கம்பெனியின் பெட்டிக்குப் போவது என்று முடிவெடுப்பது, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைவிடப் பெரிய தலைவலி. அந்தப் பெட்டி எத்தனை வீட்டில் இருக்கிறது, அதை வைத்திருப்பவர்கள் நம்முடையது மாதிரியான கேமை வாங்குவார்களா, அதற்கேற்ப மாற்றி எழுத எவ்வளவு காலம் பிடிக்கும், கம்பெனிக்காரர்கள் கேமை ஓட்டிப் பார்க்க நம்மை நம்பிச் சோதனைப் பெட்டி கொடுப்பார்களா, கடைசியில் அவர்கள் வைக்கும் பரீட்சையில் தேறுவோமா என்று எல்லாவற்றையும் யோசிக்க வேண்டும். (பரீட்சை என்றால் நிஜமான பரீட்சை. விளையாட்டின் நடுவில் கண்ட்ரோலர் பேட்டரி செத்தால்கூட கேம் மரியாதையாக நின்று காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபெயில்.) பெரிய ஸ்டூடியோக்கள் எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில் போவார்கள். நாங்கள் இரண்டே பேர். ஒரு பெட்டிக்குத்தான் எங்களுக்குத் தெம்பு இருந்தது.

எங்கள் முன்னால் இரண்டு பெட்டிகள். ஒன்று டிவிக்கு அடியில் ஜம்மென்று உட்காருவது. இன்னொன்று கையில் தூக்கிக்கொண்டு திரிவது. கம்பெனிப் பெயர்கள் எதற்கு, பெரியது, சின்னது என்றே வைத்துக்கொள்வோம்.

“விரலால பரிமாறுற கேம் இது. சின்னதுல ஸ்க்ரீனைத் தொட்டே வைக்கலாம். அதுக்கே போவோம் லா, சுகந்தி,” என்றாள் ப்ரிசில்லா.

“சின்னதுக்கு அவ்வளவு சக்தி ஏது? சோத்துல ஆவி பறக்குமா? நெய் மினுக்குமா?”

“மினுக்காட்டி என்ன? யாரு வாங்குவாங்கன்னு பாரு.”

“அதெல்லாம் எப்பவோ பாத்துட்டேன்,” என்றேன்.

பார்த்ததும் உண்மைதான். முந்தைய தீபாவளிக்குப் பிடோக், ஈசூன், உட்லண்ட்ஸ் என்று சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போயிருந்தேன். எந்த வீட்டு ஹாலில் நுழைந்தாலும் டிவிக்கு அடியில் பெரியது. சின்னது மருந்துக்குக்கூடக் கண்ணில் படவில்லை. ‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்று பள்ளிக்கூடத்தில் படித்துப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியவள் நான். இருந்தும் முறுக்கைக் கடித்துக்கொண்டே ஹால் ஹாலாக எண்ணி, அதற்கு மார்க்கெட் சர்வே என்று பெயரும் வைத்துவிட்டேன்.

ப்ரிசில்லாவின் நிலைமை வேறு. பேங்க் வேலையில் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தவள். லீவு முடியும் நேரம் நெருங்கிவிட்டது. கன்சோலுக்கு யாராவது பணம் போட்டால் வேலையை விடுவாள், இல்லையென்றால் திரும்பிப் போய்விடுவாள். அவள் போனால் பந்தியில் இலை எடுக்க வேண்டியதுதான். கேமின் கோட் முழுக்க அவள் தலையில் இருந்தது. என் பங்குக்குப் படம் வரைந்தேன், மிச்ச நேரத்தில் பேசினேன்.

பணம் போடக்கூடியவர் ஒருவர் கிடைத்தார். மிஸ்டர் லிம். சின்ன ஸ்டூடியோக்களின் கேம்களை வெளியிடுகிறவர், அதிகம் பேசாதவர். எங்கள் ஆபீஸில் கேமை விளையாடிப் பார்த்துவிட்டு, பிடித்திருக்கிறது, எந்தப் பெட்டிக்குப் போகப் போகிறீர்கள் என்று கேட்டார். பெரியதற்கு என்று நான் கணீரென்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். அங்கேயே நான் ஒரு அறிக்கையை நீட்டியிருக்கலாம். நல்ல புத்தி எங்கே வந்தது?

“தீபாவளிக்கு என் மாமா வீட்டுக்கு வாங்க. எங்க கஸ்டமர்களை நேர்லயே காட்டுறேன்,” என்றேன். ப்ரிசில்லா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

பிடோக்கில் மாமா வீடு. மாமா என் அம்மாவின் அண்ணன். தீபாவளியன்று அவர் வீட்டில் அத்தையின் மட்டன் பிரியாணிக்காகவே பாதிக் குடும்பம் கூடும். ப்ரிசில்லாவும் வந்திருந்தாள். மிஸ்டர் லிம் ஆரஞ்சுப் பழப் பையோடு வந்தார். செருப்பைக் கழற்றினார், சோபாவில் உட்கார்ந்தார், கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டார். நான் திட்டம் போட்டிருந்தேன்: முதலில் பெரியதை ஆன் செய்து, குடும்பமே அதைச் சுற்றி உட்காருவதைக் காட்டுவது. அப்புறம் என் லேப்டாப்பை டிவியில் மாட்டி, பெரியதின் கண்ட்ரோலரை வைத்து ‘பந்தி’யை ஆடவிடுவது. பிறகென்ன, கையெழுத்துதான்.

“மாமா, பெரியதை ஆன் பண்ணுங்க,” என்றேன்.

“எதை?”

“டிவிக்குக் கீழ இருக்கே, கேம் பெட்டி.”

“அதுவா,” என்று மாமா அத்தையைப் பார்த்தார்.

“அது எதுக்கும்மா இப்ப? அவருக்கு இன்னும் ஒரு கரண்டி பிரியாணி வை,” என்றார் அத்தை.

(இந்த இடத்தில் மூளை உள்ள எவளும் நின்றிருப்பாள்.)

நான் போய்ப் பெட்டியின் முன் குத்தவைத்து உட்கார்ந்தேன். அதன்மேல் அத்தை பின்னிய பூ வேலைத் துணி. துணியின்மேல் வைஃபை மோடம், இரண்டு கொம்புகளையும் தூக்கிக்கொண்டு. பட்டனை அழுத்தினேன். விளக்கு எரியவில்லை. பலமாக அழுத்தினேன். எல்லோரும் என் முதுகைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. பின்னால் கையை விட்டுத் துழாவினால், ஒயர், கடையில் கட்டிய கட்டுகூட அவிழாமல் சுருண்டு கிடந்தது. அந்தச் சுவரில் காலியாக ஒரு பிளக் பாயின்ட்டும் இல்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அங்கே மாட்டியிருந்த ஏதோ ஒரு பிளக்கைப் பிடித்து இழுத்தேன்.

“ஐயையோ, அதைப் புடுங்காதே!” என்று அத்தை கத்துவதற்குள் மோடத்தின் விளக்குகள் அணைந்துவிட்டன.

உடனே ரூமுக்குள்ளிருந்து பெரிய ஓலம்.

“யாரு வைஃபைய ஆஃப் பண்ணது!”

கதவு திறந்தது. பட்டுப் பாவாடையும் ஜிப்பாவுமாகக் குடும்பத்துப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். (ஒரே கட்டிலில் அத்தனை பேரும் எப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்பது இன்னும் மர்மம்.) ஒவ்வொரு கையிலும் சின்னது. சிவப்புச் சின்னது, நீலச் சின்னது, ஸ்டிக்கர் ஒட்டிய சின்னது.

மிஸ்டர் லிம் பிரியாணித் தட்டைக் கீழே வைத்தார். மாமாவின் பேத்தி தர்ஷினியிடம் ஆங்கிலத்தில் விசாரித்தார். அவளும் பட்பட்டென்று பதில் சொன்னாள். விருந்தாளிகள் வந்தால் ஹாலில் விளையாடக்கூடாது என்பது பாட்டியின், அதாவது என் அத்தையின், சட்டம். எல்லா வீட்டிலும் அதே சட்டம்தான். அதனால் தீபாவளி என்றால் எல்லோரும் ரூமுக்குள் போய்விடுவார்கள்.

அப்படியானால் டிவிக்குக் கீழே இருக்கும் இது என்ன என்று மிஸ்டர் லிம் கேட்டார்.

“அது தாத்தாவோடது. ஒன்லி ஃபார் ஷோ,” என்றாள் தர்ஷினி.

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “பேரப்பிள்ளைங்களுக்குன்னுதான் வாங்குனேன். அதுல விளையாடணும்னா டிவி வேணும். சீரியல் நேரத்துல உங்க அத்தைகிட்டேர்ந்து ரிமோட்டை வாங்க முடியுமா? நீ வாங்கிக் காட்டு பாப்போம்!”

நான் விருந்தாளியாகப் போய் எண்ணியது, விருந்தாளிகளுக்காக ஒழுங்குபடுத்தி வைத்த ஹாலை. பெட்டி யார் வீட்டில் இருக்கிறது என்பது ஒரு கணக்கு, அதில் யார் விளையாடுகிறார்கள் என்பது வேறு கணக்கு. அத்தையின் சீரியலுக்கு என் சர்வேயில் ஒரு கேள்விகூட இல்லை. பூமி பிளந்து என்னை விழுங்கினால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. (ஐந்தாவது மாடி. விழுங்கினாலும் கீழ்வீட்டு டைனிங் டேபிளில்தான் விழுந்திருப்பேன்.)

விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத ஜாதி நான். “கேமையாவது பாருங்க!” என்று லேப்டாப்பைத் திறந்து, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத கண்ட்ரோலரை மாட்டி மாமாவிடம் கொடுத்தேன். மாமா தம் கட்டி வடையைத் தூக்கினார், அது பாயசத்தில் விழுந்தது. சாம்பாரை இலைக்கு வெளியே ஊற்றினார். திரையில் இருந்த வாடிக்கையாளர் முறைத்தார். மாமாவும் அதே மாதிரி திருப்பி முறைத்தார். ப்ரிசில்லா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள்.

“தாத்தா, இப்படி வைக்கணும்,” என்று தர்ஷினி முறுக்கு எண்ணெய் விரலால் லேப்டாப் திரையையே தொட்டு வடையை இழுத்தாள். அது தொடுதிரை இல்லை, வடை நகரவில்லை. அடுத்த பிள்ளையும் விரலைத்தான் நீட்டியது. அதற்கடுத்ததும் அப்படியே. கண்ட்ரோலரைக் கேட்டவர் யாருமில்லை. சற்று நேரத்தில் என் திரை தோசைக்கல் மாதிரி ஆகிவிட்டது.

மிஸ்டர் லிம் என் பக்கம் திரும்பவே இல்லை. சின்னதற்கு மாற்ற எவ்வளவு காலம் ஆகும் என்று ப்ரிசில்லாவைத்தான் கேட்டார். அவள் துப்பட்டாவை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். எந்தப் படத்தைச் சுருக்க வேண்டும், எந்த நிழலை எடுக்க வேண்டும் என்று கடகடவென்று சொன்னாள். எனக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்திருக்கிறாள், கள்ளி.

“சோத்துல ஆவி பறக்காது,” என்று நான் ஈனஸ்வரத்தில் சொல்லிப் பார்த்தேன்.

“நோ ஸ்டீம், நோ ப்ராப்ளம் லா,” என்றார் மிஸ்டர் லிம். பிறகு இன்னும் கொஞ்சம் பிரியாணி கேட்டார்.

பணம் வந்தது. ப்ரிசில்லா பேங்க்குக்கு ராஜினாமா அனுப்பிய அன்று இருவரும் நகைக்கடை வாசலில் நின்று குதித்தோம். உள்ளே நகை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் விலை குறைந்துவிட்டதோ என்று எட்டிப்பார்த்தார்கள். கன்சோல் கம்பெனிப் பரீட்சையில் முதல் தடவை தோற்று இரண்டாம் தடவை தேறி, ‘பந்தி’ சின்னதில் வெளிவந்தது. ஆவி இல்லாத சோற்றை ஊரெல்லாம் பரிமாறி விளையாடினார்கள். இப்போது நாங்கள் ஐந்து பேர், அதே சந்தில் கொஞ்சம் பெரிய ஆபீஸ்.

எங்கள் குடும்பத்தில் இப்போது யாரும் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுவதில்லை. “சுகந்தி சர்வே எடு,” என்கிறார்கள். யாராவது போய் மோடத்தைப் பிடுங்குவார்கள், வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஹாலுக்கு வந்துவிடுவார்கள். கோயம்புத்தூரில் இருக்கும் சொந்தக்காரர்கள்வரை இந்த வழக்கம் பரவிவிட்டதாகக் கேள்வி. பெரியது இன்னமும் அதே இடத்தில், பூத்துணி போர்த்திக்கொண்டு மோடத்தைச் சுமக்கிறது.

நானும் திருந்திவிட்டேன். அடுத்த கேமை எந்தப் பெட்டிக்குக் கொண்டுபோவது என்ற கேள்வி வந்தால் அறிக்கைகளைப் படிக்கிறேன், ஆட்களிடம் விசாரிக்கிறேன், ப்ரிசில்லா சொல்வதை வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன். ஆனால் ஒரு தீபாவளிக்கு மாமா வீட்டுக்குப் போய் மோடத்தைப் பிடுங்கி, ரூம் கதவு திறக்கும்போது யார் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. போன தீபாவளிக்கும் மிஸ்டர் லிம் வந்திருந்தார். நான் சுவரோரம் குனிந்ததுமே அவரும் ப்ரிசில்லாவும் எழுந்து ரூம் கதவுக்கு நேராகப் போய் நின்றுகொண்டார்கள்.

சோபாவிலிருந்து அத்தையின் குரல் மட்டும் வந்தது. “இரும்மா, சீரியல் முடியட்டும். இப்பல்லாம் அதுவும் வைஃபைலதான் வருது.”