குமுதாவுக்கு ஒரு பொத்தான்

பிரிக்பீல்ட்ஸில் ரெங்கசாமி நடத்தும் ‘மயில் இன்’ ஹோட்டலில் இருபத்தெட்டு அறைகள். முப்பது வருடங்களாக அங்கே ஆட்கள் வருவதும், தூங்குவதும், எழுந்து போவதும் எந்த ஆதாரமும் இல்லாமல் நடந்துவந்தன. எண்ம விருந்தோம்பல் மேம்பாட்டு வாரியம் இதைக் கண்டுபிடித்து மிகவும் மனம் வருந்தியது.

வருத்தம் கடிதமாக வந்தது. ‘தங்கள் இணையதளத்தில் விருந்தினர் மேற்கொள்ளும் ஒவ்வொரு செயலும் ஒரு நிகழ்வாகப் பதிவாதல் வேண்டும். பதிவாகாதவை நிகழாதவையாகக் கருதப்படும். தவறும் ஹோட்டல்களுக்குச் சான்றிதழ் மறுக்கப்படும்.’

கடிதத்தின் பின்னாலேயே வாரியத்தின் சிபாரிசோடு நிபுணர் பிரவின் வந்தார். சுங்கை வே ஊர்க்காரர். மடிக்கணினியை மடிக்காமலே நடப்பார்.

“அங்கிள், ஒருத்தர் பக்கத்தைத் திறந்தா ஒரு ஈவெண்ட். தேதி பார்த்தா ஒரு ஈவெண்ட். ரூம் படத்தைப் பெருசாக்கிப் பார்த்தா ஒரு ஈவெண்ட். ‘இப்போதே பதிவு செய்’ பொத்தானை அழுத்தினா, அதுதான் ராஜா ஈவெண்ட்.”

“அப்புறம் அவரு வந்து படுத்துத் தூங்குவாரே, அது?”

“அதை ட்ராக் பண்ண முடியாது அங்கிள். அதனால அது முக்கியமில்ல.”

ஒரு மாதம் கழித்து அறிக்கை வந்தது. தளத்தைத் திறந்தவர்கள் நாலாயிரத்து முந்நூறு பேர். பொத்தானை அழுத்தியவர்கள் இரண்டு பேர். ஒருவர் ரெங்கசாமி, சோதனைக்காக. இன்னொருவர் பிரவின், ரெங்கசாமி சரியாக அழுத்தினாரா என்று பார்ப்பதற்காக.

ஆனால் ஹோட்டலில் ஓர் அறைகூடக் காலியில்லை.

இதில் மர்மம் ஒன்றும் கிடையாது. நம் ஆட்கள் இணையதளத்தை எதற்குப் பார்ப்பார்கள்? விலையைத் தெரிந்துகொள்ள. விலையை எதற்குத் தெரிந்துகொள்வார்கள்? போன் போட்டுக் குறைக்கச் சொல்ல. அந்தப் போனை எடுப்பவர் குமுதா. பண்டமாரானிலிருந்து கிள்ளான் வந்து, கோமுட்டர் ரயிலேறி, பத்தொன்பது வருடங்களாக அதே கவுண்டரில் உட்காருபவர்.

“அக்கா, வெப்சைட்ல நூத்தி இருபது வெள்ளி போட்டிருக்கு. பார்த்துக் குறைச்சுக் குடுங்கலா.”

“எந்த ஊரு அண்ணே?”

“கேரி தீவு.”

“கேரி தீவா, நம்ம பக்கம். காலையில எட்டு மணிக்கே வந்திருங்க, ரூமைத் திறந்து விடுறேன். வெல அதேதான்.”

கேட்டவர் பாதி விலைக்கு வாங்கிய சந்தோஷத்தோடு வந்து சேருவார். ஈப்போ, ஜொகூர், ஒருமுறை மதுரை, எல்லாமே குமுதாவுக்கு நம்ம பக்கம்தான்.

வாரிய அதிகாரி ராஜன் ஆய்வுக்கு வந்தார். அறிக்கையைப் புரட்டிப் பார்த்து, ஹோட்டல் காலி என்று அறிவித்தார்.

“சார், இருபத்தெட்டு ரூமிலயும் ஆள் இருக்கே,” என்றார் ரெங்கசாமி.

“இருக்கலாம். பதிவுல இல்லையே.”

“ரெண்டாவது மாடியில கொறட்டை கேக்குது சார்.”

ராஜன் காதைக் கொடுத்துக் கேட்டார். தம் குறிப்பேட்டில் ‘மூலம் அறியப்படாத ஒலி’ என்று எழுதினார்.

பிரவின் திரையில் ஒரு புனல் வரைந்தார். மேலே நாலாயிரத்து முந்நூறு பேர் விழுகிறார்கள். கீழே யாரும் வரவில்லை. ஆகவே நடுவில் ஓட்டை. ஓட்டையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று எல்லோரும் கவுண்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். மாத முடிவுக்குள் ஓட்டையை அடைக்குமாறு, அதாவது குமுதாவை வேலையிலிருந்து நீக்குமாறு, ராஜன் பரிந்துரைத்தார்.

குமுதாவின் மகள் தாதியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு. இன்னும் ஒன்றரை வருடத்துக்காவது அந்த நாற்காலி அவருக்கு வேண்டும்.

“பாஸ், என்னை ஓட்டைன்னு சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?”

ரெங்கசாமி மின்விசிறியைப் பார்த்தார். “நான் என்ன சொல்றது குமுதா. நான் சொல்றதும் பதிவாகாது.”

குமுதா பிரவினிடம் திரும்பினார். “அப்போ எனக்கும் ஒரு பொத்தான் வச்சுக் குடுங்க தம்பி.”

இவ்வளவு அறிவார்ந்த கோரிக்கையை பிரவின் தம் தொழில் வாழ்வில் கேட்டதில்லை. மறுநாளே ஒரு டேப்லெட் வந்தது. அதில் ஐந்து பொத்தான்கள். ‘போன் எடுக்கப்பட்டது.’ ‘வணக்கம் கூறப்பட்டது.’ ‘ஊர் விசாரிக்கப்பட்டது.’ ‘நம்ம பக்கம் என உறுதியளிக்கப்பட்டது.’ ‘விலைக்குறைப்பு கனிவுடன் மறுக்கப்பட்டது.’

முதல் வாரம் எண்ணூறு நிகழ்வுகள். ராஜன் போனில் பாராட்டினார். “முன்னேற்றம் தெரியுது. ஆனா மாச இலக்கு பத்தாயிரம். இல்லேன்னா பழைய பரிந்துரைதான்.”

குமுதா யோசித்தார். ஒரு போனுக்கு ஐந்து நிகழ்வுகள்; ஐந்து நிமிடம் ஆகிறது. போன் இல்லாமல் அதே ஐந்து நிகழ்வுகளுக்கு இரண்டு விநாடி போதும். மணி அடிக்காதபடி ரிசீவரை எடுத்து மேசைமேல் வைத்தார். வலது கையால் சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் அழுத்தினார். டேப்லெட் ஏறிய சூட்டில் ரெங்கசாமி ரொட்டி வாட்டித் தின்றார். இதை நான் என் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கு மூக்குக்கண்ணாடிதான் கொண்டுபோகவில்லை.

மாத முடிவில் நிகழ்வுகள் அறுபதாயிரம். போன் கிடைக்காத ஆட்கள் வேறு இடம் தேடிப் போய்விட்டார்கள். ஹோட்டல் துடைத்துவைத்தது போலக் காலி.

ராஜன் வந்து பார்த்து நெகிழ்ந்தார். “இப்போதான் ஹோட்டல் நெறைஞ்சிருக்கு.”

“சார், மேல ஒரு ஆள்கூட இல்லையே.”

“அதைத்தான் ட்ராக் பண்ண முடியாதுன்னு உங்களுக்கு அன்னிக்கே சொன்னாங்களே.”

சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். குமுதாவுக்கு ‘முதன்மை நிகழ்வு அலுவலர்’ என்று நியமனக் கடிதமும் கிடைத்தது.

குமுதா கடிதத்தை இருமுறை படித்தார். வேலை நிரந்தரம் என்று இருந்தது. ஹோட்டல் நிரந்தரமா என்று எழுதவில்லை. டேப்லெட்டை ரெங்கசாமி கையில் கொடுத்துவிட்டு, தெருவைக் கடந்து, எதிரே சீதாலெட்சுமி ஆன்டி நடத்தும் விடுதியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அங்கே இணையதளம் கிடையாது. ஒரு போன் உண்டு.

வேலையை விட்டுப் போவதற்குப் பொத்தான் இல்லாததால், அவர் போனது பதிவாகவில்லை. வாரியத்தின் ஏட்டில் அவர் இன்றும் மயில் இன்னில்தான் இருக்கிறார். சிறந்த ஊழியராகத் தேர்வும் ஆகியிருக்கிறார்.

இந்த வெற்றியை ஆராய வாரியம் மூன்று நாள் மாநாடு கூட்டியது. பல மாநிலங்களிலிருந்தும் நாற்பது அதிகாரிகள் வருகிறார்கள். தங்க இடம் வேண்டும். ராஜன் மயில் இன்னுக்குப் போன் போட்டார். ரெங்கசாமிக்கு இரண்டு கையும் டேப்லெட்டில் இருந்ததால் எடுக்க முடியவில்லை. ராஜன் எதிர் விடுதிக்குப் போட்டார். குமுதா எடுத்தார்.

“அக்கா, நாப்பது பேரு. பார்த்துக் குறைச்சுக் குடுங்கலா.”

“எதுலேர்ந்து குறைக்கிறது சார்? எங்களுக்குத்தான் வெப்சைட்டே இல்லையே.”

ராஜன் சுற்றறிக்கைக் கோப்பைப் புரட்டினார். விலையே தெரியாமல் அதைவிடக் குறைவாகக் கேட்பது எப்படி என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

“எதிர்த்த ஹோட்டல் வெப்சைட்டைப் பாருங்க சார். அந்த வெலதான் இங்கயும். பார்த்துட்டு ஒவ்வொருத்தரா கூப்பிடச் சொல்லுங்க, பேசிக்கலாம்.”

நாற்பது அதிகாரிகளும் தனித்தனியே ரெங்கசாமியின் தளத்தைத் திறந்தார்கள். தேதி பார்த்தார்கள். படத்தைப் பெரிதாக்கினார்கள். பிறகு குமுதாவுக்குப் போன் போட்டார்கள். மாநாட்டின் முதல் நாள், மயில் இன்னின் அந்த வார அறிக்கை திரையில் ஒளிர்ந்தது. ரெங்கசாமியின் இரண்டு கையும் சேர்ந்து வரலாறு காணாத உயர்வு. நாற்பது பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தட்டி முடித்து, எதிர் விடுதிக்குப் போய்ப் படுத்தார்கள்.

குமுதா யாருக்கும் ஒரு வெள்ளிகூடக் குறைக்கவில்லை. ஆனால் மற்ற முப்பத்தொன்பது பேரைவிடத் தனக்குத்தான் குறைவு என்று ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டு தூங்கினார்கள்.

பாவம், ஏமாந்தவர்கள். எனக்கு மட்டும் போன தைப்பூசத்துக்கு உண்மையாகவே குறைத்துக் கொடுத்தார். வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.