பட்டுச்சேலைக்குச் செம்மண் கட்டிய கதை

எல்லாம் வைத்தது வைத்த இடத்தில் இருந்தால் மனிதன் நிம்மதியாக இருப்பான் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். பேரனைப் பார்த்துக்கொள்ள மனைவி பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போனபின், எங்கள் கோவில்பட்டி வீட்டில் எல்லாம் அப்படித்தான் இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு மத்தியானம் பீரோவைத் திறந்து அவளுடைய முகூர்த்தப் பட்டை எடுத்தேன். (காற்றாட விடத்தான். வேறு எதற்கு?) முகத்தருகே கொண்டுபோனபோது, மடிப்பிலிருந்து மயிர் அடர்ந்த பொடிப்புழு ஒன்று என் மூக்கை நோக்கி நடந்து வந்தது. விரித்துப் பார்த்தால் சேலையெங்கும் ஓட்டைகள்; மடிப்புகளில் எள்ளளவு வண்டுகள். கழுகுமலையில் பேரனுக்குக் காது குத்தும்போது கட்டுவதற்காக அவள் எடுத்து வைத்திருந்த சேலை அது.

நான் பருப்பு வியாபாரி. வண்டுக்கு எனக்குத் தெரிந்த வைத்தியம், துவரைக்குச் செய்வதுபோலச் செம்மண் கட்டிக் காயவைப்பது. அவசரப்படவில்லை. மண்ணை மெல்லிய துணியில் சலித்தேன்; கல் கிடந்தால் பட்டைக் கீறிவிடுமே. கரைத்து, ஒரே சீராகத் தடவி, மொட்டைமாடிக் கொடியில் விரித்தேன். (ஜரிகைக்குக் கொஞ்சம் கூடுதலாக.) சாயங்காலம் சேலை அப்பளம் மாதிரி விறைத்து நின்றது.

அந்த நேரம் பார்த்து வீடியோ கால் வந்தது.

“உங்களுக்குப் பின்னால என்ன காயுது?” என்றாள் மனைவி.

“வண்டு விழுந்துட்டு. மண்ணு கட்டியிருக்கேன்.”

“துவரைக்கா?”

“சேலைக்கு.”

மகள் போனை வாங்கி, புழுவைக் காட்டச் சொன்னாள். “அப்பா, இது கம்பள வண்டு. பட்டு, கம்பளின்னா விடாது. நீங்க அதுக்கு மசாலா தடவிக் குடுத்திருக்கீங்க.”

மனைவி சிரிக்கவில்லை. “அந்தச் சேலைய எதுக்கு எடுத்தீங்க?”

“பீரோவத் துடைக்க.”

“பீரோவத் துடைக்க சேலைய விரிக்கணுமாக்கும். பொய் சொல்லுதீங்க.”

நான் விறைத்த முந்தானையிலிருந்து மண்ணைச் சுரண்டினேன். அவள் போனை வாங்கி முகத்தருகே கொண்டுபோய் என்னைப் பார்த்தாள். பிறகு, “சாப்பிட்டீங்களா?” என்றாள்.

அலசியும் சேலை தேறவில்லை. காதுகுத்துக்கு வேறொன்று கட்டினாள். இன்றும் எங்கள் குடும்பத்தில் யாராவது யாரையாவது நினைத்து முகம் வாடினால், “வண்டு விழுந்துட்டு” என்பார்கள். மாப்பிள்ளை வெளியூர் போனால் மகளும் தப்புவதில்லை.

இப்போது மனைவி மறுபடியும் பெங்களூரில். பீரோ சாவியைக் கையோடு கொண்டுபோய்விட்டாள். கிளம்பும்போது, முந்தின நாள் கட்டியிருந்த சேலையை மடித்து என் தலையணைமேல் வைத்தாள்.

“இது பருத்தி,” என்றாள். “வண்டு திங்காது.”